வட்டத்துக்குள் முகம்

விரல் பிரிகிறது, வலிக்கவில்லை. மேசை மேல் என் வலது கையை எடுத்து வைத்துக்கொண்டு, உள்ளங்கைக்குள் சுருண்டு கிடக்கும் விரல்களை என் வீட்டுக்காரி தனக்கொடி ஒவ்வொன்றாக நிமிர்த்துகிறாள். முதலில் சுண்டுவிரல், பிறகு அதற்கடுத்தது. ஒன்றை நிமிர்த்தி அடுத்ததுக்குப் போவதற்குள் முந்தினது மறுபடி சுருண்டுகொள்கிறது. அவள் சலித்துக்கொள்ளவில்லை, திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள். பார்த்தால் தெரிகிறது இது என் கை என்று, பார்க்காவிட்டால் பக்கத்து வீட்டில் யாரோ யாருக்கோ என்னவோ செய்துகொண்டிருப்பது போலத்தான் இருக்கிறது. கட்டைவிரலைப் பிடித்து அந்தச் சின்ன மிஷின் மேல் அழுத்துகிறாள். கண்ணாடிக்கு அடியில் சிவப்பு வெளிச்சம் எரிகிறது, அணைகிறது. "எடுக்கலக்கா," என்கிறாள் சேவை மையத்துப் பெண். பர்வீன் என்று பெயர், வாசல் போர்டிலேயே எழுதியிருக்கிறது. நாங்கள் வந்ததிலிருந்து ஐயா ஐயா என்று என்னைப் பார்த்தே பேசுகிறாள், எனக்கு அது பிடித்திருக்கிறது, ஏனென்றால் ஆனி மாதம் எனக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து எல்லாரும் என்னைப் பற்றித் தனக்கொடியிடம் பேசுகிறார்கள், சாப்பிட்டாரா, தூங்குறாரா, வெளிக்குப் போறாரா என்று, நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே. "இடது கை வச்சுப் பாப்போமா ஐயா?" சரி என்கிறேன். சரி என்பது எனக்குச் சுலபம். அது ஒன்றுதான் வருகிறது. இடது கையிலும் ரேகை இல்லை. எப்படி இருக்கும், மண்வெட்டியும் மருந்துத் தண்ணியும் எப்போதோ தின்றுவிட்டன. பத்து விரலும் பார்த்தாகிவிட்டது. நான் மருதைதான் என்று சொல்ல என்னிடத்தில் ஒரு விரல்கூட இல்லை.

எல்லாச் சொல்லும் உள்ளே இருக்கிறது. அதுதான் யாருக்கும் புரிய மாட்டேன் என்கிறது. தண்ணீர் வேண்டும் என்றால் தண்ணீர் என்ற சொல் தெளிவாக வருகிறது, தொண்டை வரைக்கும் வருகிறது, வாயைத் திறந்தால் சரி என்று விழுகிறது. வேண்டாம் என்று சொன்னாலும் சரி. வலிக்கிறது என்றாலும் சரி. நாய் உள்ளே வந்துவிட்டது என்று கத்தினேன் ஒரு நாள், சரி சரி சரி என்று கேட்டது ஊருக்கு. என் வாயிலிருந்தா இது. மேட்டுச்சேரியில் ஆபீசுக்குப் போக வேண்டும் என்றால் மருதையைக் கூட்டிக்கொண்டு போ என்பார்கள். இப்போது எதற்காக விரல் வைக்கிறோமோ அந்த விவசாயிப் பணம் முதன்முதலாக அறிவித்தபோது எங்கள் ஊரில் பாதிப் பேர் பெயர் லிஸ்டில் இல்லை, பட்டாவில் மருதமுத்து என்றும் ஆதாரில் மருதை என்றும் இருக்கிறது என்று என்னையும்தான் விட்டிருந்தார்கள், நான் தாலுகா ஆபீஸ் வராந்தாவில் நின்று பேசினேன் பாருங்கள், உள்ளே இருந்த அதிகாரி பேனாவை மூடிவிட்டு வெளியே வந்து, "யோவ், உக்காரு முதல்ல, டீ சாப்புடு" என்றார். டீயைக் குடித்துவிட்டு மறுபடி பேசினேன். எங்கள் தெருவுக்கே வந்தது அந்தப் பணம். கையில் கொடுப்பதில்லை, பாங்கில் விழும், போனில் கிணுங்கென்று சத்தம் வரும், அவ்வளவுதான். விதைக்கு, உரத்துக்கு என்றுதான் சர்க்கார் கொடுக்கிறது. ஆனால் முதல் தடவை விழுந்ததை எடுத்துக்கொண்டு நான் இவளைப் பெரம்பலூருக்குக் கூட்டிப் போனேன். மக்காச்சோளக் குருத்தில் புழு தேடும்போது முகத்தைக் குருத்துக்குள்ளேயே விட்டுக்கொள்வாள், அப்போதும் புழு தெரியாது. கண்ணாடிக் கடையில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, கடைசியில் ஒன்றைப் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பி, "ஏங்க, நீங்க இவ்வளவு கருப்பா?" என்றாள். கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். கல்யாணம் ஆகி அத்தனை வருஷம் கழித்து. அதே கண்ணாடிதான், ஒரு காதில் நூல் சுற்றிப் போட்டிருக்கிறாள் இப்போது. புதுசு வாங்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், அதற்குள் இப்படி.

"விரல் எடுக்கலைன்னா முகம் காட்டலாம்க்கா, செல்லுலயே. கரண்ட்டு வரட்டும், நெட்டு போயிருச்சு," என்கிறாள் பர்வீன். உட்கார்ந்திருக்கிறோம். ஜெராக்ஸ் மிஷினின் சூடும், பிளாஸ்டிக் உருகுகிற வாடையும் அறைக்குள்ளேயே நிற்கிறது. தனக்கொடி கேட்கிறாள், "காட்டலைன்னா என்னா ஆவும் பாப்பா?" பர்வீன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொள்கிறாள். தணித்தால் கேட்காதா, காது நன்றாகத்தான் இருக்கிறது. "ஆளு இருக்காரான்னு கேக்குதுக்கா. இருக்காருன்னு காட்டலைன்னா இல்லைன்னு எடுத்துக்கும். பேரைத் தூக்கிட்டா திரும்ப ஏத்துறது கஷ்டம்." இல்லை என்று எடுத்துக்கொள்ளும். யார் எடுத்துக்கொள்வது, எங்கே உட்கார்ந்திருக்கிறது அது. எனக்கு அந்தப் பணம் போவதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. உரம் போடவேண்டும், அது தெரியும், ஆனாலும் பெரிதாகத் தெரியவில்லை. பயம் வேறு இடத்தில் இருக்கிறது. தீபாவளிக்கு வந்த மச்சான், இவள் தம்பி, சமையல்கட்டில் நின்று பேசினான். நான் உள்ளே கட்டிலில் படுத்திருந்தேன். "அக்கா, மாமா பேருல நெலம் இருந்து இனிமே என்னா பிரயோசனம். உன் பேருக்கு மாத்திக்க. இல்ல குத்தகைக்கு வுட்டுட்டு அவரைக் கூட்டிக்கிட்டு மக வூட்டுக்குப் போயிரு." இவள் என்னவோ சொன்னாள். சொல்லும்போது குக்கர் கத்திவிட்டது. குக்கர் நின்றபோது இவள் சொல்லி முடித்திருந்தாள், அவன் "அதுவும் வாஸ்தவந்தான்" என்றான். எது வாஸ்தவம். படுத்துக்கொண்டு அதையே புரட்டுகிறேன். மாற்றிக்கொள்கிறேன் என்றாளா, அதற்கு அவன் வாஸ்தவம் என்றானா. மாட்டேன் என்று ஒரு காரணம் சொல்லி, அதற்கு வாஸ்தவம் என்றானா. கேட்கலாம் என்றால் என்னிடம் சரிதான் இருக்கிறது. அவள் மாற்றிக்கொள்ளட்டும், அதிலும் தப்பில்லை, உழைப்பது அவள். ஆனால் அவள் வாயால் நான் இனிமேல் ஆள் இல்லை என்று வரக்கூடாது. அது மட்டும் வரக்கூடாது. வாசல் நிலைக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியை நான் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்கு முன்னாலேயே கழற்றிவிட்டிருந்தாள். ஆணி மட்டும் இருக்கிறது. எனக்கு என் முகம் தெரிய வேண்டாம் என்றா. அல்லது அவளுக்குத்தான் இரண்டு தடவை பார்க்க வேண்டாம் என்றா. இப்போது இந்தச் செல்லில் பார்க்கச் சொல்கிறார்கள்.

கரண்டு வந்துவிட்டது. காற்றாடி மெதுவாகக் கிளம்புகிறது. பர்வீன் போனை என் முகத்துக்கு நேராகப் பிடிக்கிறாள். நல்லவேளை, பின்பக்கத்துக் கேமரா, எனக்கு ஒன்றும் தெரியவில்லை, அவளுக்குத்தான் தெரிகிறது. "வட்டத்துக்குள்ள மூஞ்சி வரணும் ஐயா. ஆங், அப்படியே. இப்பக் கண்ணைச் சிமிட்டுங்க." சிமிட்டுகிறேன். சிமிட்டுகிறேன் என்று நினைக்கிறேன். "சிமிட்டுங்க ஐயா." சிமிட்டு. மருதை, சிமிட்டு. கண்ணுக்கு எப்படிச் சொல்வது. இத்தனை வயதுக்குக் கண்ணிடம் நான் எதுவும் சொன்னதே இல்லை, அது பாட்டுக்குச் செய்துகொண்டிருந்தது. கையைத் தூக்கு என்றால் கைக்கு ஒரு வழி இருக்கிறது, இடது கைக்கு இருக்கிறது, நினைத்தால் போகிறது. கண்ணுக்கு எந்த வழியாகப் போவது. நெற்றியைச் சுருக்குகிறேன். மூக்கு விடைக்கிறது. வாயின் இடது ஓரம் இழுக்கிறது. கண் மட்டும் விழித்துக்கொண்டே இருக்கிறது, சந்தையில் விற்கவந்த ஆடு போல. பீப் என்று ஒரு சத்தம், சிவப்பு. "திரும்பப் பாப்போம் ஐயா, அவசரமில்ல." வட்டம், மூஞ்சி, சிமிட்டுங்க. இல்லை. கண்ணில் தண்ணீர் கட்டுகிறது, அப்போதும் மூடவில்லை. போனை இறக்கிவிட்டுப் பர்வீன் தனக்கொடியிடம் ஏதோ சொல்லத் திரும்புகிறாள், அந்த நேரத்தில் என் கண் தானாகச் சிமிட்டுகிறது, ஒரு தடவை, இன்னொரு தடவை, ஒன்றுமே நடக்காத மாதிரி. "ஐயோ, இப்பச் சிமிட்டுறாரு பாருக்கா!" போன் மேலே வருகிறது. கண் நின்றுவிட்டது. பின்னால் வரிசையில் இருப்பவர்களில் யாரோ சிரிக்கிறார்கள், கெட்ட சிரிப்பு இல்லை, இருந்தாலும் காது சுடுகிறது. சரி, சரி என்கிறேன். போதும், வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம்.

"செத்த இருங்க," என்று தனக்கொடி என் முன்னால் வந்து குனிகிறாள். கடைவாயில் வழிந்ததை முந்தானையால் துடைக்கிறாள். அவள் கண்ணாடி இரண்டிலும் ஒரு ஆள் இருக்கிறான். இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன். மீசை இல்லை, ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் போட எடுத்தது, அதற்குப் பிறகு அவள் சவரம் செய்துவிடும்போதெல்லாம் சேர்த்தே எடுத்துவிடுகிறாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வலது கன்னம் இறங்கியிருக்கிறது. உதடு கோணியிருக்கிறது. நான் நினைத்துப் பயந்த அளவுக்கு இல்லை. என் பெரியப்பா மாதிரி இருக்கிறேன், கடைசிக் காலத்தில் இருந்த மாதிரி. அவ்வளவுதானா. இதற்கா இத்தனை மாதம். அவள் துடைத்து முடித்தும் நிமிரவில்லை, நானும் பார்வையை எடுக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண் சிவந்திருக்கிறது. எப்போது தூங்குகிறாள் இவள். நான் எப்போது முழித்தாலும் முழித்திருக்கிறாள்.

பர்வீனுக்கு மனசு கேட்கவில்லை போல. "அக்கா, ஒண்ணு சொன்னா தப்பா நினைக்காதீங்க. நெலத்தை உங்க பேருக்கு மாத்திட்டீங்கன்னா, உங்க மூஞ்சியே போதும். வருசா வருசம் இவரைத் தூக்கிக்கிட்டு அலைய வேணாம்ல?" காதைத் தீட்டிக்கொள்கிறேன். குக்கர் இல்லை இங்கே. ஜெராக்ஸ் மிஷின்கூட நின்றுவிட்டது. தனக்கொடி முந்தானையை உதறி இடுப்பில் செருகுகிறாள். "இவரு இருக்கையில எதுக்குப் பாப்பா மாத்தணும்? அவரு பேருலயே இருக்கட்டும். என் தம்பியும் இதைத்தான் சொன்னான். நாளைக்கு இவருக்கு வாய் வந்துருச்சுன்னா, யாரைக் கேட்டுடி மாத்துனேன்னு என் கழுத்தை அறுப்பாரு, உனக்கென்னா தெரியும்னு சொல்லிட்டேன்." பர்வீன் சிரிக்கிறாள். "இவரா? வந்ததுலேருந்து சரி சரின்னுதானேக்கா சொல்றாரு, பாவம்." "பாவமா? இப்ப ஒண்ணு சொன்னாரே, அது சண்டை புடிக்கிற சரி. போலாம் வாடின்னு அர்த்தம். சோத்துக்குச் சொல்றது வேற, வலிக்குச் சொல்றது வேற. எனக்குத் தெரியாதா." தெரியுமா. எல்லாம் தெரியுமா உனக்கு. நான் தண்ணீர் கேட்டபோது நீ தண்ணீர்தான் கொண்டு வந்தாய், அதை நான் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. நாய்க்காகக் கத்தியபோதும் நீ விளக்குமாறோடுதான் ஓடிவந்தாய். சரி என்கிறேன். வேறு மாதிரி வருகிறது அது. தனக்கொடி திரும்பிப் பார்க்கிறாள். இது என்ன சரி என்று அவளுக்கே தெரியவில்லை போல, கொஞ்சம் வெட்கப்படுகிறாள், மூக்கைத் துடைத்துக்கொள்கிறாள்.

"இன்னொரு தரம் புடி பாப்பா," என்று சொல்லிவிட்டு அவள் என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் முட்டி போட்டு, முகம் என் தாடைக்குக் கீழே வர நிமிர்கிறாள், போனில் விழாமல். என்ன செய்யப்போகிறாள். வட்டத்துக்குள் மூஞ்சி. சிமிட்டுங்க. நான் சிமிட்டு சிமிட்டு என்று உள்ளே கத்த ஆரம்பிப்பதற்குள் கீழேயிருந்து அவள் என் கண்ணில் ஊதுகிறாள். பூ என்று, வெற்றிலை வாசனையோடு. கண் மூடிக்கொள்கிறது. திறக்கிறது. அவள் மறுபடி ஊதுகிறாள். எத்தனை வருஷத்துக்கு முன்னால், கல்யாணம் ஆன புதுசில், களத்தில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, சோளத் தூசி கண்ணில் விழுந்து நான் கசக்கிக்கொண்டு நின்றபோது, அத்தனை ஆட்களுக்கு நடுவில் வந்து என் இமையை இரண்டு விரலால் விரித்து ஊதினாள். முதல் ஊதலிலேயே தூசி போய்விட்டது. போகவில்லை, இன்னும் இருக்கிறது என்றேன். மறுபடி ஊதினாள். இன்னும் இருக்கு புள்ள என்றேன். பொய் என்று அவளுக்கும் தெரியும், ஊதிக்கொண்டேதான் இருந்தாள், மிஷின்காரன் பார்த்துச் சிரிக்கிற வரைக்கும். "வந்துருச்சு!" என்கிறாள் பர்வீன். "பச்சை வந்துருச்சுக்கா, ஏத்துக்கிச்சு!" வரிசையில் இருந்த ஒரு பெரியவர், என்னமோ அவர் பிள்ளை பாஸ் ஆன மாதிரி, "அப்படிப் போடு" என்கிறார். தனக்கொடி எழுந்திருக்க முடியாமல் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுகிறாள். "ஆளு இருக்காருன்னு எழுதிக்கிச்சா?" "எழுதிக்கிச்சுக்கா. நின்னு போன தவணையும் சேந்து வரும்." "வந்தா மேலுரம் போட்ருவேன். ஈரம் இருக்கையிலயே போடணும்." சொல்லிவிட்டு என் சட்டைப் பித்தானைச் சரி செய்கிறாள். அது சரியாகத்தான் இருந்தது.

பஸ்ஸில் என்னை ஜன்னலோரம் உட்காரவைத்து, விழாமல் இருக்க என் வலது பக்கம் அவள் உட்காருகிறாள். கண்டக்டரிடம், "மேட்டுச்சேரி வந்தா சொல்லுப்பா, மெதுவா நிறுத்தச் சொல்லு, இவரு எறங்க நேரமாவும்" என்கிறாள். மழை பெய்து ஓய்ந்த வெயில், ரோட்டோரம் எல்லாம் தண்ணீர் மினுங்குகிறது. அவள் ஏதோ சொல்லிக்கொண்டே வருகிறாள், மகளுக்குப் போன் பண்ணவேண்டும், மாத்திரை தீர்ந்துவிட்டது, பர்வீன் நல்ல பொண்ணு. பேச்சு நீள்கிறது, நடுவில் நிற்கிறது, மறுபடி ஒரு சொல், பிறகு இல்லை. திரும்பிப் பார்க்கிறேன். தலை என் தோளில் சாய்ந்திருக்கிறது. வலது தோள். கனம் தெரியவில்லை. இல்லை, என்னவோ இருக்கிறது, கனம் என்று சொல்ல முடியாது, தூரத்தில் அடுப்பு எரிகிற மாதிரி ஒரு சூடு. வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. பகலில் இவள் தூங்கி நான் பார்த்ததில்லை, பிள்ளை பெற்றுக் கிடந்தபோதுகூடப் பார்த்ததில்லை. அசையாமல் உட்காருகிறேன். அசையாமல் இருப்பது இந்தப் பக்கத்துக்கு நன்றாகத் தெரியும்.

"மேட்டுச்சேரி! மேட்டுச்சேரி யாரும்மா?" கண்டக்டர் எங்களை நோக்கி வருகிறான். "பெருசு, உங்க ஸ்டாப்பிங் வந்துருச்சு, எழுப்புங்க அம்மாவை." எழுப்பலாம். இடது கையால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், பதறி எழுந்து என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவாள், வீட்டுக்குப் போய் அடுப்பு, மாடு, என் துணி, அப்புறம் காடு. நான் விரலை உதட்டில் வைத்துக் காட்டுகிறேன். அவன் அவளைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான். முன்னால் போ என்று கையைக் காட்டுகிறேன். "அடுத்த ஸ்டாப்பிங்ல எறங்கிக்கிறீங்களா? திரும்பி வர்ற வண்டி எப்ப வரும்னு தெரியாது பெருசு." தலையை ஆட்டுகிறேன். அவன் விசிலை வாயில் வைத்துவிட்டு, பிறகு எடுத்துவிட்டு, கையால் கம்பியைத் தட்டிப் போகச் சொல்கிறான். பஸ் நகர்கிறது. ஊர் போகிறது. நிழற்குடை, ரேஷன் கடை, தண்ணித் தொட்டி. அதற்கப்புறம் வளைவு, வளைவு திரும்பினால் எங்கள் காடு. ஆனி மாதத்துக்குப் பிறகு நான் பார்க்கவில்லை. அப்போது வெறும் கரிசல், உழுதுகூடப் போடவில்லை. இப்போது ஆள் உயரத்துக்கு நிற்கிறது மக்காச்சோளம். ஆண்பூ எடுத்துவிட்டது, ஒன்றுபோல, பொன் தூசியாக, காற்றில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். இலையில் புழு தின்ற ஓட்டை இல்லை, ஒவ்வொரு செடியாகக் குனிந்து மருந்து வைத்திருக்கிறாள். யாரை வைத்து உழுதாள், விதை எங்கே வாங்கினாள், எனக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு வந்து எப்போது இதெல்லாம் செய்தாள். கிழக்கு மூலையில் கொஞ்சம் சொட்டையாக இருக்கிறது, அங்கே எப்போதும் தண்ணீர் நிற்கும், வாய்க்கால் வெட்டிவிட்டிருக்க வேண்டும், அதைச் சொல்லவேண்டும். சொல்லலாம், எப்படியாவது சொன்னால் புரிந்துகொள்வாள். எழுந்ததும் கத்துவாள், ஸ்டாப்பிங்கை வுட்டுட்டு எங்கய்யா போறோம் என்று, நன்றாகக் கத்தட்டும். பஸ் வளைகிறது. வெயில் என்னைத் தாண்டி அவள் முகத்தில் விழுகிறது, புருவம் சுளிக்கிறது, முழிக்கப்போகிறாள். இடது கையைத் தூக்கி ஜன்னலுக்குக் குறுக்கே விரித்துப் பிடிக்கிறேன். என் உள்ளங்கையளவு நிழல் அவள் கண்மேல் விழுகிறது. பஸ் குலுங்கும்போது விலகுகிறது, கையைக் கொஞ்சம் தள்ளி மறுபடி பிடிக்கிறேன். புருவம் இறங்கிவிட்டது. மூச்சு வருகிறது, போகிறது. கை வலிக்க ஆரம்பிக்கிறது, இது வலிக்கிற கை. அடுத்த ஊர் இன்னும் வரவில்லை.